முட்டைக்கோஸ் கிளறப் போன மனிதர்

ப்ளோவ்திவ், வியாழக்கிழமை

மரியாதைக்குரிய அக்கா நெடெல்காவுக்குத் தங்கை ஸ்தான்கா எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்து, அத்தானுக்கு இருமல் நின்று, ஆடும் நல்லபடியாகக் குட்டி போட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். என் வீட்டுக்காரர் ரங்கெல் போய் முப்பத்தைந்து நாள். ஒவ்வொரு குளிர்காலமும், "முட்டைக்கோஸ் பீப்பாயைக் கிளறிட்டு வரேன்" என்று நிலவறைக்கு இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து வருவாரே, ஊறுகாய்மேல் இந்த மனுஷருக்கு இவ்வளவு பக்தியா என்று நானும் பெருமைப்பட்டேனே, போன வாரம் கீழே போய்ப் பார்த்தால் பீப்பாய்க்குப் பின்னால் ஒரு டிவியும் பழைய வீடியோ கேம் பெட்டியும். பெட்டி ஈரத்தில் செத்திருந்தது. மேல்வீட்டு ரேடியோ ரிப்பேர் ஹரலம்பி அண்ணனிடம் கொடுத்தேன். "பெட்டி போச்சும்மா. ஆனா அதுமாதிரியே நடிக்கிற ப்ரோகிராம் ஒண்ணு இருக்கு. போட்டுவிட்டா கம்ப்யூட்டர் தன்னையே பழைய பெட்டின்னு நம்பிக்கும்" என்று சொல்லி, ரங்கெல் விளையாடிச் சேமித்து வைத்ததையும் சேர்த்து நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்.

அக்கா, திரையில் ரங்கெல் நிற்கிறார். அதே வழுக்கை, அதே மீசை, பேரும் ரங்கெல். காலடியில் சக்கரம் வைத்த பலகை. பஸ் ஓட்டும்போது சின்னப் பள்ளத்துக்கே சிலுவை போட்டவர், அங்கே கூரையிலிருந்து குதிக்கிறார். "அவரே செஞ்ச உருவம்மா. மூணு குளிர்காலமா ஆடியிருக்கார்" என்றார் அண்ணன். நான் ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டேன். தலைகுப்புற விழுந்தார், ரத்தம். என் கண்முன்னால் அவர் சாவது இரண்டாவது தடவை. வழக்கப்படி கல்லறையில் ஒயின் ஊற்றிப் பழகிய கை, பிடித்திருந்த ஒயின் கோப்பையை அப்படியே கம்ப்யூட்டர்மேல் சாய்த்துவிட்டது. திரை இருண்டது.

"என்னம்மா பண்ணின?"

"செத்தவருக்கு ஊத்தினேன்."

"விழுந்தா ரெண்டு நொடியில எந்திரிச்சிருவாரும்மா."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

நல்லவேளை, அண்ணனிடம் நகல் இருந்தது. தன்னுடைய கம்ப்யூட்டரையே தூக்கி வந்து வைத்தார். ரங்கெல் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். அடக்கத்தன்றுகூட நான் இப்படி அழவில்லை.

ஆனால் இது முறையில்லை அக்கா. நாற்பதாம் நாள் ஆத்மா வீட்டைவிட்டுப் போக வேண்டும். இப்படிக் குதித்துக்கொண்டிருந்தால் எப்போது போகும்? பாதிரியாரைக் கேட்டேன், "நீ நாற்பதுக்குப் படைக்கிற கோதுமையை வேகவை, மத்தது எனக்குத் தெரியாது" என்கிறார். நானே முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு அண்ணன் வந்து நகலையும் சேர்த்து அழித்துவிடுவார். இனி அந்தத் திரைப் பக்கம் திரும்ப மாட்டேன். செவ்வாய்க்கிழமை நாற்பது, தவறாமல் வா.

ஆண்டவர் உங்கள் வீட்டில் ஆள் குறையாமல் காக்கட்டும்.

தங்கை ஸ்தான்கா

பி.கு (வெள்ளிக்கிழமை): அண்ணன் அழிக்க வந்தார். நாற்பது முடியட்டும் என்றேன். "அப்புறம்?" என்றார். அப்புறம் ஆறாம் மாசம் வருமே, வருஷம் வருமே என்றேன். பிறகு எனக்கும் ஓர் உருவம் செய்துகொண்டேன், அதில் முக்காடு இல்லாததால் ஹெல்மெட். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாமாம். அவருடைய பொத்தான்களை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதுவரை பதினோரு தடவை விழுந்துவிட்டேன். அவர் எங்கும் போகவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.