ரோஸ்மில்க் சொன்ன பதில்

போன ஞாயித்துக்கிழமை வீட்ல எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, பஸ்ல வாரவரைக் கூட்டிட்டு வரணும்.

வாரவரு அருப்புக்கோட்டைக்காரரு. என் தங்கச்சி கவிதாவைப் பொண்ணு கேட்டிருக்கிற மாப்பிள்ளையோட அப்பா.

"வாயைத் தொறந்து எதையாச்சும் கெடுத்துராத"ன்னு அம்மா சொல்லித்தான் அனுப்புச்சு.

மனுசன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வேர்த்து ஊத்துது. "எம்புட்டு வெயிலு தம்பி!"ன்னாரு.

"வாங்க மாமா, சில்லுனு ஏதாவது குடிச்சிட்டுப் போவோம்"னு பக்கத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு ரோஸ்மில்க். அதுல பாதி ஐஸ்.

அவரு நாகரிகமா உறிஞ்சுனாரு. நான்? ஒரே மூச்சுல முக்கா டம்ளரைக் காலி பண்ணிட்டேன்.

சரியா அந்த நேரம் பார்த்துக் கேட்டாரு: "தம்பி, மறைக்காம சொல்லுங்க. தங்கச்சி குணம் எப்படி?"

நெத்தியில ஆணி அடிச்ச மாதிரி சுரீர்னுச்சு! ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்கி மூடி, "ஐயோ... அம்மா!"ன்னு முனகிட்டேன்.

கண்ணைத் தொறந்தா, மனுசன் முகம் வெளுத்துப் போயிருக்கு.

"அம்புட்டு மோசமா தம்பி?"

"இல்ல மாமா! ஐஸு... தலை..." வார்த்தை வந்தாத்தானே!

"விடுங்க தம்பி. கூடப் பொறந்தவரு, பாவம், நீங்க எப்படிச் சொல்வீங்க?"ன்னு தோளைத் தட்டிக் கொடுத்தாரு.

என் வலி அரை நிமிசத்துல போயிருச்சு. அவரு சந்தேகம் போகலை. கோச்சடையில எங்க வீடு வர்ற வரைக்கும் ஆட்டோவுல தங்கச்சியைப் புகழ்ந்துக்கிட்டே வந்தேன். புகழப் புகழ அவரு முகம் இன்னும் சுருங்குச்சு.

வீட்ல உக்காந்ததும் கவிதாகிட்ட நேராவே கேட்டுட்டாரு: "ஏம்மா, உன்னைப் பத்திக் கேட்டதுக்கு உங்கண்ணன் தலையில கை வைக்கிறாரே?"

அம்மா என்னைப் பார்த்துச்சு பாருங்க ஒரு பார்வை!

கவிதா ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். பதறவே இல்ல. "என்ன குடிச்ச?"ன்னா.

"ரோஸ்மில்க்."

"மடமடன்னா?"

தலையாட்டுனேன்.

"அதான் மாமா விசயம். ரொம்பச் சில்லுனு இருக்கிறதை வேகமாக் குடிச்சா, மேல்வாயில ரத்தக்குழாய் டக்குனு சுருங்கி விரியும். அந்த வலியை மூளை நெத்தி வலின்னு எடுத்துக்கும்."

"நெசமாவா?"

"இருங்க, காட்டுறேன்."

ஃப்ரிட்ஜைத் தொறந்தா. ஒரு சொம்பு ஐஸ் தண்ணியை என் முன்னாடி நீட்டுனா.

"குடிண்ணே."

"வேணாம்டி!"

"என் கல்யாணம்ண்ணே. குடி."

குடிச்சேன். மறுபடி ஆணி. மறுபடி "ஐயோ அம்மா!"

"இப்ப நாக்கை மேல்வாயில ஒட்டி வைக்கணும் மாமா, சரியாயிரும்"னு என்னைக் காட்டி அவருக்குப் பாடம் எடுக்குறா!

அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. "இப்பத்தாம்மா உன் குணம் தெரியுது. எங்க பையனுக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்!"

தேதி குறிச்சாச்சு.

மாப்பிள்ளைக்கு ஒரு போனைப் போட்டு, "மாப்ள, ஃப்ரிட்ஜு மட்டும் வாங்கிராதீங்க"ன்னு சொல்லி வச்சிருக்கேன்.