ஹாலந்தா, ஆஸ்திரேலியாவா, அடுக்களைப் பக்கத்து அறையா?

வலங்கைமான்,
ஆனி 9, திங்கட்கிழமை.

கீழ்வேளூர் சம்பந்தி அய்யாக்கண்ணு அவர்களின் சமூகத்துக்கு, இளையபெருமாள் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், என் மனைவி பிரகதீஸ்வரியும், தங்கள் மாப்பிள்ளை மணிவண்ணனும், தங்கள் மகள் சுடர்விழியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் இதில் சேர்த்தி இல்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும், புதிதாகக் கன்று போட்ட மாடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா, போனில் பேசினால் என்ன என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் போனை எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் ‘அல்லோ’ என்றே சொல்கிறீர்கள். போன மாசம் என் மூலவியாதியைப் பற்றித் தங்களிடம் ரகசியமாகச் சொன்னேன். மறுவாரம் உங்கள் ஊர் டீக்கடைக்காரர் பஸ்ஸில் என்னைப் பார்த்து, துத்தி இலையை வதக்கிக் கட்டச் சொன்னார். ஆகவேதான் கடிதம். தயவுசெய்து இதை வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

விஷயம் சுடர்விழியைப் பற்றியது. ஏழு வருஷமாகத் தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில், பயிர்க் காப்பீட்டுக்காக வயலையெல்லாம் மேலேயிருந்து படம் பிடித்து அளக்கிற உத்தியோகம் பார்க்கிறாள். சம்பளம், மரியாதை, ஏசி ரூம் எல்லாம் உண்டு. முப்பது வயசில் இப்போது திரும்பவும் புத்தகப்பையைத் தூக்குகிறேன் என்கிறாள். தண்ணீரை எப்படி நிர்வாகம் பண்ணுவது என்று வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டுமாம். காவிரியில் தண்ணீர் வந்தால் மடையைத் திறக்கிறோம், வராவிட்டால் சாலை மறியல் செய்கிறோம், இதில் வருஷக்கணக்காகப் படிக்க என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன். “அந்த மறியலுக்குப் போகாம இருக்கத்தான் மாமா படிக்கணும்” என்றாள். வாய் அப்படி. அது தங்கள் பக்கத்துச் சீதனம், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மூன்று இடத்தில் சீட்டுக் கிடைத்திருக்கிறது. ஹாலந்தில் இரண்டு வருஷம், ஆஸ்திரேலியாவில் ஒன்றரை வருஷம், மூன்றாவது ஸ்காட்லாந்து. ஸ்காட்லாந்து என்றால் அங்கே போக வேண்டியதில்லை, வேலையையும் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் மூன்று வருஷம் படிக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குள் ஹாலந்துக்குச் ‘சரி’ என்று பதில் போடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் மனசு ஹாலந்தில்தான் இருக்கிறது. அந்தக் கடிதம் வந்த அன்று அடுக்களையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் என்று பிரகதீஸ்வரி சொன்னாள். எனக்கு அப்போதே பகீரென்றது.

முப்பத்தோரு வருஷம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தவன் நான். மூட்டையின் வாயில் இருக்கிற நெல்லைப் பார்த்து எவனையும் நம்பியதில்லை. நடு வயிற்றில் குத்தூசியை விட்டு, வருகிற நெல்லைக் கையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் பட்டியலில் பெயர் ஏறும். இந்த யுனிவர்சிட்டிக்காரர்கள் அனுப்புகிற படங்களில் எல்லோரும் புல்தரையில் உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறார்கள். அது மூட்டையின் வாய். நடுவில் இருப்பது என்ன என்று நானே குத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஹாலந்தை முதலில் குத்தினேன். அடுத்த தெரு கமருன்னிஸாவின் மகன் பாசித் அங்கேதான் படிக்கிறான். வீடியோவில் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “தம்பி, ஊரு எப்படி?” என்றேன். “சூப்பர் ஊரு மாமா. நாட்டுல கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழதான் இருக்கு” என்றான், ஏதோ பெருமையான சமாசாரம் போல! “தண்ணி உள்ள வராதா?” என்றேன். “கரை கட்டிருக்காங்க மாமா, வர்ற தண்ணிய பம்பு வெச்சு இறைச்சுடுவாங்க.” “கரண்டு போயிட்டா?” என்று கேட்டேன். “இங்க கரண்டு போகாது மாமா” என்று சிரிக்கிறான். சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு உங்கள் கீழ்வேளூரில் முட்டி அளவு தண்ணீர் நின்றால் நமக்குத் தூக்கம் கிடையாது. அந்தப் பள்ளத்திலிருந்து பெண்ணெடுத்து வந்து, அதைவிடப் பெரிய பள்ளத்துக்கு நானே அனுப்புவதா?

அடுத்து ஆஸ்திரேலியா. தஞ்சாவூரில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆபீசுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பாரத்தைக் கொடுத்தார்கள். கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்பவர் யாரோ அவர் பெயரில்தான் நிலத்துச் சிட்டா இருக்க வேண்டும், மாமன் மச்சான் பெயரெல்லாம் செல்லாது. அந்தப் பழக்கத்தில் என் பெயர், என் வயசு, என் படிப்பு என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஆபீஸ் பெண் தினமும் போன் செய்கிறது. “இளையபெருமாள் சார், இங்கிலீஷ் எக்ஸாமுக்கு எப்ப டேட் போடலாம்?” எனக்கு அறுபத்தாறு வயசும்மா என்றேன். “லேர்னிங்க்கு ஏஜே கிடையாது சார்” என்கிறது. இன்று காலை, முதியோர் பராமரிப்பில் எனக்கு ஒரு கோர்ஸ் தயாராக இருப்பதாகச் சொன்னது. எனக்குப் பராமரிக்கக் கற்றுக்கொடுப்பார்களா, இல்லை மற்றவர்கள் கற்றுக்கொள்ள என்னைப் படுக்கப் போடுவார்களா என்று கேட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டது. இப்படிப்பட்ட நாட்டை நம்பி ஒரு பெண்ணை அனுப்ப முடியுமா?

மிச்சம் இருப்பது ஸ்காட்லாந்து. குறுவை அறுத்த தாளிலேயே அடுத்த போகமாகத் தாளடி போடுகிற மாதிரி, வேலையும் இருக்கும், படிப்பும் ஆகும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மாதிரி வகுப்பு ஒன்று வைத்தார்கள். சுடர்விழி அடுக்களைப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன வசதி என்கிறீர்கள்! பிரகதீஸ்வரி ஒரே ஒரு தடவைதான் கதவைத் தட்டினாள், பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்க. பிறகு கமருன்னிஸா பாஸ்போர்ட் புதுப்பிக்கிற பாரத்தோடு வந்தது. இந்தத் தெருவுக்கே இவள்தானே இ-சேவை மையம், பத்தே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தாள். தங்கள் மாப்பிள்ளை தன் சார்ஜரைத் தேடிக்கொண்டு இரண்டு தடவை போனான். நான் விவசாயி அட்டைக்கு அவள் போனில் ஓ.டி.பி. வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். ஓ.டி.பி. நமக்காகக் காத்திருக்குமா? அந்த நேரம் பார்த்து வெள்ளைத் தாடி வைத்த வாத்தியார் திரையில் ஏதோ கேட்டார். பெரிய மனுஷர் கேட்கிறபோது ஒளிந்துகொள்வது மரியாதையில்லை என்று தலையை நீட்டி வணக்கம் வைத்தேன். பதினோரு வெளிநாட்டுக்காரர்கள் கையை ஆட்டினார்கள். தண்ணீர் வகுப்புதானே என்று மேட்டூர் அணை திறந்ததையும், கடைமடையான உங்கள் ஊருக்கு இன்னும் தண்ணீர் எட்டிப் பார்க்காததையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, அவ்வளவு கவனம். சுடர்விழி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், பெருமை தாங்கவில்லை. இந்த வசதி எந்த ஹாலந்தில் கிடைக்கும்?

ஆகவே தங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எதிர்த்துப் பேசுகிறாள். தாங்கள் அவளைப் பெற்றவர், போன் போட்டு (தயவுசெய்து ஸ்பீக்கர் இல்லாமல்) “வீட்டுலேர்ந்தே படிம்மா” என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் புதன்கிழமை தங்கள் கைக்கு வந்துவிடும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அனைவரின் வணக்கம். கன்றுக்குட்டிக்கு என் ஆசீர்வாதம். இந்த வருஷமாவது கடைமடை வரை தண்ணீர் வந்து, தங்கள் வயலும் வயிறும் நிறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
இளையபெருமாள்,
பட்டியல் எழுத்தர் (ஓய்வு).

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சுடர்விழி வந்து நின்றாள். “மாமா, நான் ஆன்லைன்லயே படிச்சுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஹாலந்துக்கு வரலைன்னு எழுதிடப் போறேன்” என்றாள். ஏம்மா என்றேன். “நீங்க சொல்றதுதான் சரி மாமா. எல்லாருக்கும் அதான் வசதி” என்று சொல்லிவிட்டு, என் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயித்துவிட்டேன், சம்பந்தி. ஆனால் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் ‘நீங்க சொல்றது சரி’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. டி.வி. சத்தத்துக்குச் சண்டை, யூரியாவுக்குச் சண்டை, நான் மாத்திரை போடாவிட்டால் அதற்கு ஒரு சண்டை. பிரகதீஸ்வரியிடம் போய்ச் சொன்னேன். “அந்தப் பொண்ணோட வாய அடச்சிட்டீங்களே, இப்ப சந்தோஷமா?” என்று கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடலும் பம்பும் கரண்டும் வெறும் சாக்கு. அவள் இல்லாத வீட்டில் இரண்டு வருஷம் எப்படி இருப்பது என்ற பயம்தான் எனக்கு. அதற்காக ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கிற அளவுக்கு நான் மோசமான ஆள் இல்லை. இப்போது நானே போய் “போம்மா” என்றால், என் முகத்தைப் பார்த்தே என் பயத்தைக் கண்டுபிடித்து, எனக்காக இன்னும் விட்டுக்கொடுப்பாள். ஆகவே தாங்கள் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். வந்ததும் ஹாலந்துக்குத்தான் போக வேண்டும் என்று கூரை அதிரச் சத்தம் போடுங்கள். நான் குறுக்கே நின்று, “ஹாலந்தாவது மண்ணாவது, பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுல என்ன படிப்பு” என்று கத்துகிறேன். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் மட்டும் வந்துவிட்டால் போதும், பெட்டியைக் கட்டிவிடுவாள். நான் தோற்கிற வரைக்கும் தாங்கள் ஊர் திரும்பக் கூடாது.