இருபத்திரண்டாவது அடியில் மஞ்சள்

கமெராவின் தலை குழாய்க்கிணற்றுக்குள் இருபது அடி இறங்கியிருந்தது. மேலே, மாமரத்துக்குக் கீழே, கிருபன் முழங்காலில் நின்றபடி பெட்டியிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை கறுப்பாக இருந்தது. ஒரு பொத்தானை அமத்தினான். திரை முழுக்க வெள்ளையானது. அடுத்ததை அமத்தினான். திரும்பவும் கறுப்பு.

"வடிவாத் தெரியுதோ தம்பி?" என்று பத்மாசனி கேட்டாள்.

"தெரியுதக்கா. கொஞ்சம் இருட்டாத் தெரியுது."

புளியங்குளத்தில் நஜீம் நானாவின் கடையில் பன்னிரண்டு வருடமாகத் தண்ணி மோட்டர் திருத்துகிறவன் கிருபன். கழற்றினால் பூட்டத் தெரியும், பூட்டினால் ஓட வைக்கத் தெரியும். ஆனால் இந்தக் கமெரா போன கிழமைதான் கொழும்பிலிருந்து வந்தது. பெருவிரல் தடிப்பில் ஓர் உருக்குத் தலை, அதைச் சுற்றிக் குட்டி விளக்குகள், அறுபது மீற்றர் வயர், எத்தனை அடி இறங்கியது என்று காட்டும் ஓர் எண் பலகை. தொழிற்சாலைகளில் குழாய்களுக்குள் விட்டுப் பார்க்கிற சாமானாம். கூட வந்த புத்தகம் முழுக்கச் சீன எழுத்து.

"படம் போட்டிருக்குத்தானே, அதைப் பாத்துச் செய்," என்று சொல்லித்தான் நஜீம் நானா அனுப்பியிருந்தார்.

பத்மாசனியின் வீடு துணுக்காயிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியில் இருந்தது. புருசன் போன பிறகு கால் ஏக்கர் மிளகாய்தான் அவளுடைய சீவியம். மூன்று நாளைக்கு முன்னர் குழாய் சேறு துப்பியது. பிறகு அதையும் நிறுத்திவிட்டது. மிளகாய் பூத்து நின்ற நேரம். வெள்ளிக்கிழமைக்குள் தண்ணி காட்டாவிட்டால் பூ முழுக்கக் கொட்டிவிடும்.

"அகலமா வெட்டின ஒரு கட்டுக்கிணறு இருந்தால் உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லையக்கா," என்று கிருபன் வந்தவுடனே சொன்னான்.

"ஆர் தம்பி வெட்டித் தாறது? கிணறு கேட்டு அரசாங்கக் கந்தோரில நான் குடுத்த கடுதாசிக்கு வயசு அஞ்சு."

அந்த முகத்தைப் பார்த்ததும் கிருபனுக்கு மனம் இளகிவிட்டது. "வெள்ளிக்கிழமைக்கிடையில தண்ணி வரும். அதுக்கு நான் பொறுப்பு," என்றான். புத்தியுள்ளவன் எவனும் வாய் திறந்து சொல்லக்கூடாத சொல் அது.

மூன்றாவது பொத்தானில் படம் வந்தது. குழாயின் உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தது. ஏன் மஞ்சள் என்று கிருபன் யோசிக்கவில்லை. படம் வந்ததே பெரிய விசயம். வயரை மெல்ல இறக்கினான். எண் பலகை இருபத்திரண்டு காட்டியபோது குழாயின் பக்கத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அதற்குள்ளால் ஈரமாக ஏதோ பிதுங்கி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது.

"கண்டுபிடிச்சாச்சு. குழாய் வெடிச்சுப்போச்சக்கா. அதுக்குள்ளால களிமண் இறங்கி மோட்டரை அடைச்சிருக்கு."

அந்த நேரமே கமெராவைத் தூக்கிப் பெட்டியில் வைத்து மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பக்கத்து வளவுக் கௌசலா வேலிக்கு மேலால் தலையை நீட்டியிருந்தாள். அடுத்த வளவில் என்ன நடக்கிறது என்று பார்க்காவிட்டால் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

"களி எங்கயாவது உப்பிடி மினுங்குமே தம்பி? எங்கட வளவிலயும் களி கிடக்கு. ஒரு நாளும் மினுங்கேல்ல."

"ஈரம் அக்கா. அதுதான் மினுங்குது."

கௌசலா வாசல் படலையால் சுற்றி வந்து திரைக்கு முன்னால் குந்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சந்தையில் தேங்காய் விலை சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"பத்மாசனியக்கா, உங்கட கிணத்துக்க தங்கம் கிடக்கு."

வன்னியில் இந்தச் சொல்லை உரத்துச் சொல்லத் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்த காலத்தில் யார் எந்த நகையை எங்கே மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போனார்கள் என்ற கதை இல்லாத ஊரும் இல்லை, அந்தக் கதையை நம்பி யாரோ கிண்டாத காடும் இல்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். எதிர்வீட்டில் அடுப்பு அணைந்தது. பத்து நிமிடத்தில் மாமரத்துக்குக் கீழே பதினொரு பேர்.

"ஐயோ, அது களி," என்றான் கிருபன். "சின்னத் திரையில பாத்தால் உப்பிடித்தான். பெரிசாப் பாத்தால் உங்களுக்கே விளங்கும். அக்கா, வீட்டில ரீவி இருக்கோ?"

இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதிரையில் வைத்து, வயர் இழுத்துப் பூட்டினான். பெரிய திரையில் அது களியாகத் தெரியவில்லை. இன்னும் பெரிய தங்கமாகத் தெரிந்தது. போதாக்குறைக்கு வெடிப்புக்குள்ளால் தண்ணி கசிந்து சின்னச் சின்னக் குமிழிகள் வட்டமாக எழுந்தன.

"பவுண் காசு," என்றார் சைக்கிள்காரர். "எண்ணுங்கோ பாப்பம்."

கிருபனுக்கு வியர்த்தது. அப்போதுதான் நிறத்தில் பிழை இருப்பது அவனுக்கு உறைத்தது. கமெராவுக்கு நிறம் திருத்தும் இடம் ஒன்று இருக்கவேணும். புத்தகத்தைப் புரட்டினான். ஒரு சூரியன், ஒரு முகில், ஒரு மின்குமிழ் என்று மூன்று படங்கள் இருந்தன. வெய்யில் வெள்ளைதானே என்று நினைத்துச் சூரியனை அமத்தினான்.

மஞ்சள், செம்மஞ்சளாகியது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

"இருபத்திரண்டு கரட் தங்கம்," என்றார் சைக்கிள்காரர். "அந்தப் பலகையிலயும் இருபத்திரண்டு எண்டுதான் போட்டிருக்கு."

"அது அடி அண்ணை."

இனிக் கமெராவைத் தூக்குவதுதான் ஒரே வழி. இழுத்தான். வரவில்லை. தலை வெடிப்புக்குள் கொளுவிக்கொண்டது. காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

"பாரம் கண்டியளோ," என்றாள் கௌசலா.

கிருபன் இழுப்பதை விட்டான். படம் இருந்தால்தானே கதை, படத்தை அழித்துவிடுவோம் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் அவனுக்கு வந்த யோசனைகளில் அதைவிட மோசமானது கிடையாது. பெட்டி காலையிலிருந்து எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவை அழித்தான்.

"உவர் அழிக்கிறார்," என்றார் சைக்கிள்காரர். இந்தமுறை அவருடைய குரலில் பகிடி இருக்கவில்லை.

இரண்டு மணிக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. யாரோ போன் எடுத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கமெராப் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"தம்பி, இது என்ன மெசின்?"

"குழாய் பாக்கிற கமெரா சேர்."

"குழாய் பாக்கிறதா, கோல்ட் பாக்கிறதா?"

"சத்தியமா களி சேர். நிறம் பிழையா விழுந்திட்டுது. பொறுங்கோ, சரியாக்கிக் காட்டுறன்."

மின்குமிழ்ப் படத்தை அமத்தினான். அதுதான் சரியான பொத்தான். காலையிலிருந்து முதல் தடவையாகக் குழாய் வெள்ளையாகவும், பிதுங்கியது சாணி நிறக் களியாகவும் தெளிவாகத் தெரிந்தன. கிருபன் வென்றுவிட்ட முகத்தோடு நிமிர்ந்தான்.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கிருபனைப் பார்த்தார்.

"இவ்வளவு ஆள் பார்க்கிறப்ப தங்கம். நான் வந்த பிறகு மண். நல்ல கமெரா. பழைய மாதிரிப் போடு."

கிருபன் சூரியனைத் தேடினான். பதற்றத்தில் முகிலை அமத்திவிட்டான். திரை பச்சையாகியது.

"இப்ப மரகதமும் இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவனுடைய அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார். குழாயைச் சுற்றி நாடா கட்டினார்கள். நீதவானின் அனுமதி கிடைக்கும்வரை ஒருவரும் குழாயில் கை வைக்கக்கூடாது, மோட்டரையும் தொடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார்கள். காவலுக்கு ஒரு கொன்ஸ்தாபிள் கதிரையில் இருந்தார்.

நஜீம் நானா போனில் கேட்டது இரண்டே இரண்டு கேள்விதான்.

"தம்பி, கமெரா எங்க?"

"கிணத்துக்க நானா."

"நீ?"

"மேல."

"மாறி இருந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அது கிருபனைப் பெரிதாகச் சுடவில்லை. சுட்டது மிளகாய்த் தோட்டம். அன்று, செவ்வாய்க்கிழமை, பின்னேரமே இலைகள் துவளத் தொடங்கிவிட்டன. பொறுப்பு என்று சொன்ன வாய் அவனுடையது. குழாயை நாடா கட்டிப் பூட்ட வைத்த கையும் அவனுடையதுதான். புதன்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் இரண்டு தண்ணிக் கான்களைக் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனான். அள்ளிக்கொண்டு வந்து பாத்திக்குப் பாத்தி ஊற்றினான். இருட்டும்வரை முப்பத்தெட்டுத் தடவை போய் வந்தான். தோட்டத்தில் பாதிகூட நனையவில்லை. வரம்பில் குந்தியிருந்து, உதிர்ந்து கிடந்த வெள்ளைப் பூக்களைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

பத்மாசனி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏன் தம்பி உடம்பை முறிக்கிறியள்? நாளைக்கு அவையள் வந்தால் எல்லாம் சரிவரும்."

"என்னாலதானேயக்கா இவ்வளவும்."

"அப்பிடிச் சொல்லாதைங்கோ. நீங்கள் நல்ல பிள்ளை. சீனி காணுமோ?"

இப்படியும் ஒரு மனுசி இருக்கிறாவே என்று நினைக்க நினைக்க அவனுக்குக் குற்ற உணர்வு கூடியது. எல்லாவற்றுக்கும் மூலகாரணமான கௌசலாவை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை. அவள் வேலிக்கு மேலால் சிரித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வியாழன் காலை எல்லோரும் வந்தார்கள். நீதிமன்றக் கடிதத்தோடு இன்ஸ்பெக்டர், குடையோடு கிராம சேவகர், வெடிபொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு ஆமிக்காரர், இவர்களுக்குப் பின்னால் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்த மண் கிண்டும் பெக்கோ. ஊரே திரண்டிருந்தது. ஐஸ்கிறீம் வானும் வந்து பாட்டுப் போட்டது.

பெக்கோவின் கை முதல் தடவை நிலத்தில் இறங்கியபோது கிருபன் கண்ணை மூடிக்கொண்டான். பத்மாசனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"ஐயா, மிளகாய்ப் பக்கம் மண்ணைக் கொட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. குழியைக் கொஞ்சம் வட்டமா, அகலமா வெட்டச் சொல்லுங்கோ. ஒடுக்கமா வெட்டினால் மண் சரிஞ்சு உங்கட பிள்ளையளுக்கு ஏதும் நடந்திடும்."

இந்த நிலையிலும் மற்றவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறா என்று கிருபன் நினைத்தான். இன்ஸ்பெக்டருக்கும் அது மனதைத் தொட்டிருக்கவேணும். வட்டமாக, அகலமாக வெட்டச் சொன்னார்.

பத்தடியில் ஒன்றுமில்லை. பதினைந்தடியில் கல். பதினெட்டில் மண் ஈரமானது. இருபத்திரண்டாவது அடியில் வெடித்த குழாயும், அதற்குள் மாட்டிக்கொண்டு இன்னமும் விளக்கு எரிந்துகொண்டிருந்த கமெராவும், குழாயைச் சுற்றி ஒரு பாறை அளவுக்குக் களியும் வெளியே வந்தன. இன்ஸ்பெக்டர் களியில் ஒரு பிடி எடுத்து விரலால் நசித்தார். மணந்து பார்த்தார். பிறகு கைலேஞ்சியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

ஐஸ்கிறீம் வான் பாட்டை நிறுத்திக்கொண்டு புறப்பட்டது. குழிக்குள் ஊற்றுக் கிளம்பித் தண்ணி ஏறத் தொடங்கியது. அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி முடிக்கிறபோது இடுப்பளவுக்கு நின்றது.

"தங்கம் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி. "இனிமேல் கமெராவை ஒழுங்காப் படிச்சிட்டுக் கொண்டு வா. அம்மா, இந்தக் குழிய மூடணும்."

"வெய்யிலுக்க நிண்டு களைச்சுப்போனியள் ஐயா. நீங்கள் போங்கோ. நான் ஆள் பிடிச்சு மூடுவிக்கிறன்."

பெக்கோவும் ஜீப்பும் போய்த் தூசி அடங்கியது. கிருபன் கமெராவைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். அதற்கு ஒரு கீறலும் விழவில்லை. பத்மாசனிக்கு முன்னால் போய் நின்று, இரவு முழுக்கப் பாடமாக்கியதைச் சொன்னான்.

"அக்கா, உங்கட வளவைப் பாழாக்கிப்போட்டன். எப்பிடி மன்னிப்புக் கேக்கிறதெண்டு தெரியேல்ல."

பத்மாசனி குழியின் விளிம்பில் நின்று ஒரு நீளக் குழாயை அளந்துகொண்டிருந்தாள். "உதைப் பிறகு கதைப்பம் தம்பி. இந்த மோட்டரை ஒருக்காப் பூட்டித் தாங்கோ," என்றாள்.

பூட்டினான். ஓடியது. தண்ணி வாய்க்காலால் இறங்கி முதல் பாத்திக்குள் புகுந்து, இரண்டாவதுக்குள் திரும்பியது. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. கிருபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிவிட்டது.

பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு படலையைத் தாண்டும்போது கௌசலா குறுக்கே வந்து நின்றாள். அவன் முகத்தைத் திருப்பினான். அவள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வாற கிழமை உந்தக் கமெராவை எங்கட வளவுக்கும் ஒருக்காக் கொண்டு வாங்கோ தம்பி. இந்தத் தரம் பொலிசுக்குப் போன் எடுக்கிறது பத்மாசனியக்கா."