கவுளி சொன்னது விசாகப்பட்டினம்

உலகத்தில் இருக்கிற அத்தனை பயமும் ஒரே உடம்பில் குடியிருக்க முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக முடியும், நானே பார்த்திருக்கிறேன் என்று சொல்வேன். அது ஒரு குள்ளமான உடம்பு. மேலே காக்கிக் கோட்டு, அதற்குள் கம்பளி பனியன், அதற்கும் உள்ளே ஒரு கொத்துத் தாயத்து. கொல்லிமலையில் நாங்கள் இருந்த காப்பி எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் அவர்தான் கம்பவுண்டர். பெற்றவர்கள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். மலை முழுக்க அவருக்குக் கவுளிக் கம்பவுண்டர் என்றுதான் பெயர்.

கவுளி என்றால் பல்லி. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கக் கிளம்பும்போதும் விதைப்புக்கு நாள் பார்க்கும்போதும் கவுளி சொல்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். சொன்னால் விரலை மடக்கிப் பக்கத்திலிருக்கிற மரப்பலகையில் தட்டி ஏற்றுக்கொள்வார்கள். அதெல்லாம் பெரிய காரியங்களுக்கு. நம்மவருக்குப் பெரிசு சிறிசு என்ற பேதமே கிடையாது. கொயினா மருந்தை ஊற்றிக் கொடுக்கக்கூட அலமாரிக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே பெஞ்சில் எங்கள் மலையிலேயே இருக்கிற குண்டூர் நாட்டு விவசாயி ஒருவர் குளிர்க்காய்ச்சலில் பெஞ்சே ஆடும்படி நடுங்கிக்கொண்டிருப்பார்.

"ஏனுங்க, மருந்தக் குடுங்க."

"இருங்க சாமி. இன்னும் சொல்லலீங்க."

"அது தூங்குதாட்ட இருக்குதுங்க!"

"தூங்கறத எழுப்பினா கோவிச்சுக்குமுங்க."

நல்லவேளையாக அந்தக் கவுளி வாயாடி. யாரையும் ரொம்ப நேரம் காக்க வைத்ததில்லை.

கவுளி போக, மற்ற பயங்கள் தனி. மழை பெய்தால் இடி விழும் என்று பயம். விட்டால் காய்ச்சல் கிளம்பும் என்று பயம். மலை ஏறி வேலைக்கு வந்தவர் அதற்குப் பிறகு கீழே இறங்கினதே இல்லை. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், ஏறுகிற வழியில் கரடி நிற்கும் என்பது அவர் கணக்கு. ரயில் என்றால் கேட்கவே வேண்டாம். "நிக்க மறந்துட்டா என்னங்க பண்றது?" என்பார். நோயாளிக்குத் தெர்மாமீட்டர் வைப்பார், ஆனால் எடுத்துப் பார்க்க மாட்டார். அதை என் அப்பாவிடம் நீட்டுவார். அப்பா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர்.

"நீங்களே பாருங்க ரைட்டரய்யா. ரொம்ப அதிகமா இருந்தா எங்கிட்டச் சொல்லாதீங்க."

ஒருதரம் கீழேயிருந்து பெரிய டாக்டர் டோலியில் ஏறி வந்தார். அவர் புறப்படும் சமயம் பார்த்துக் கவுளி ஆகாத பக்கமான இடது பக்கமிருந்து சொல்லிவிட்டது. கம்பவுண்டர் டோலிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இன்னிக்கு வேண்டாமுங்க சாமி, நாளைக்குப் போலாமுங்க." டாக்டர் இங்கிலீஷில் திட்டிவிட்டு மலை இறங்கிப் போனார். போன கையோடு மலைக்காய்ச்சலில் படுத்தார். மலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் படுத்தார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கவுளியின் புகழ் தேவனூர் நாடு வரை பரவியது.

சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் மலையில் பயம் என்பது வேடிக்கையில்லை. என் அம்மா அந்தக் காய்ச்சலில்தான் போனாள். ஆள் அனுப்பியும் கீழேயிருந்து டாக்டர் வந்து சேரவில்லை. கம்பவுண்டர் அம்மாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, தெர்மாமீட்டரை ஒருமுறைகூடப் பார்க்காமல், நெற்றியை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதற்குப் பிறகுதான். அப்பா எதற்கெடுத்தாலும் பயப்பட ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

திருச்சியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு மனுப் போட்டேன். இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. ஒன்று சென்னை, இன்னொன்று விசாகப்பட்டினம். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முந்தைய வருஷம் விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்தான். சென்னையில் குண்டு விழவில்லை. விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டி ஓடி, அப்போதுதான் திரும்பி வந்திருந்தது.

அப்பா இரண்டு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தார். "இருக்கறது ஒரே புள்ள. எந்த ஊருக்குன்னு அனுப்பறது?" பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். "சந்தையன்னிக்குத் தபால் கீழ போகுது. அதுக்குள்ள எந்த ஊருன்னு கம்பவுண்டர் கவுளிகிட்டக் கேட்டுச் சொல்லட்டும். இல்லீன்னா ரெண்டும் வேண்டாம். ராசிபுரத்துல உங்க மாமன் பையன் இருக்கறான், கல்யாணத்தப் பண்ணிப்போடறேன்."

மாமன் பையனுக்கு ரைஸ்மில் இருந்தது. அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவனுக்குப் பேசத் தெரியாது. எனக்குக் குண்டைவிட அவனிடம்தான் பயம் அதிகம்.

கம்பவுண்டரிடம் ஓடினேன். அவர் கடிதங்களைத் தொடவே இல்லை. எட்ட நின்று பார்த்தார்.

"ஏனுங்கண்ணு, அங்க பொணத்த அறுக்கச் சொல்லுவாங்களாமா?"

"ஆமாங்க."

"ரெண்டு ஊருலயுமா?" கண்ணை மூடிக்கொண்டார். "விசாகப்பட்டினத்துல ஏற்கெனவே போட்டுட்டான். போட்ட எடத்துல மறுக்கா போடமாட்டான். அதுதான் நல்லது." உடனே கண்ணைத் திறந்தார். "இல்லீங்க, வழி தெரிஞ்சவன் அங்கதான் மறுக்கா வருவான். அதும்போக அங்க தெலுங்கு. உனக்குக் காய்ச்சல் வந்துட்டா எங்க வலிக்குதுன்னு யாருகிட்டச் சொல்லுவ கண்ணு?"

கடைசியில் கவுளியிடமே விட்டுவிட்டார். இரண்டு கடிதத்தையும் அலமாரிக்குக் கீழே பெஞ்சில் வைத்தோம். என்ன கஷ்டகாலமோ, வாயாடிக் கவுளி அன்றைக்கு மௌனம். மறுநாளும் மௌனம். காலையில் பினாயில் தெளித்ததால் கோபம் என்று சொல்லிப் பினாயிலை நிறுத்தினார். பூச்சி கிடைக்காத வருத்தம் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார். அவருக்கு ஜன்னல் திறந்தாலும் பயம். கவுளி வாலைக்கூட அசைக்கவில்லை. எனக்கு ராத்திரி கண்ணை மூடினால் ரைஸ்மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

சந்தை நாளும் வந்தது. வாசலில் தபால்காரர் பையோடு நின்றார். பெஞ்சு நிறைய நோயாளிகள். அப்பா நகம் கடித்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் கையைக் கூப்பி, "மெட்ராசுங்களா சாமி?" என்றார். சத்தமே இல்லை. "விசாகப்பட்டினமுங்களா?"

ச்சக், ச்சக், ச்சக்.

வலது பக்கமிருந்து, கணீரென்று. நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விரலை மடக்கிப் பெஞ்சில் தட்டினார்கள். "நல்ல வாக்குங்க" என்றார் ஒரு பெரியவர். அப்பா விசாகப்பட்டினக் கடிதத்தை எடுத்துவிட்டார்.

கம்பவுண்டர் மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்தார், கவுளியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க ரைட்டரய்யா. மெட்ராசுக்கே எழுதுங்க."

"ஏனுங்க, கவுளி சொல்லிருச்சே!"

"அது பழைய கவுளி இல்லீங்க. போன மாசம் மருந்துப் பெட்டியோட மெட்ராசுல இருந்து வந்தது. அதுக்கு அந்த ஊரு மேல என்னமோ கோவம். அது பேச்சக் கேக்கக் கூடாதுங்க."

அந்தக் கவுளியை நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். பாதி வால் இல்லாத அதே கவுளி. நோயாளிகளுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கம்பவுண்டர் கவுளி வாக்கை மீறுவதை முதல்தடவையாகப் பார்த்த அதிர்ச்சி அவர்களுக்கு. அப்பா எழுதிக் கொடுத்த சென்னைக்கான பதிலைத் தபால்காரர் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

சென்னையில் சேர்ந்தேன். பிணத்தைப் பார்த்து இரண்டு முறை மயங்கி விழுந்தேன், பிறகு பழகிவிட்டது. சில மாதங்கள் போயிருக்கும். சென்னையிலும் குண்டு விழுந்துவிட்டது. எங்கோ துறைமுகப் பக்கம். விடுதிக்குள் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான் அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். அது மலை ஏறிச் சேருவதற்குள், ஒரு பகல் வேளையில், என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார்.

கேட்டுக்கு வெளியே காக்கிக் கோட்டு நின்றது. என் கடிதத்துக்கு முன்னால் குண்டுச் செய்தி மலை ஏறியிருக்கிறது. கையில் ஒரு கொயினாப் புட்டி. மலையை விட்டு இறங்காத மனிதர், ரயில் நிற்க மறந்துவிடும் என்றிருந்த மனிதர், அந்தச் சென்னை வெயிலில் கம்பளி பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றார். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கறயா கண்ணு? கவுளி கோவிச்சா எம்மேல கோவிச்சுக்கட்டும்னுதான் அன்னிக்கு அப்பிடிச் சொன்னேன். அது போயி ஜப்பான்காரங்கிட்டச் சொல்லிருச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது சரிங்க, இவ்வளவு தூரம் கிளம்பி வந்தீங்களே, வரும்போது கவுளிகிட்டக் கேட்டீங்களா?"

அவர் குனிந்துகொண்டார்.

"கேக்கலை கண்ணு. போவாதேன்னு சொல்லிட்டா?"

சிரித்துக்கொண்டிருந்த எனக்குப் பொலபொலவென்று கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய், காய்ச்சல்தான் என்று நினைத்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அண்ணாந்து எந்தச் சுவரையும் பார்க்காமல் புட்டியைத் திறந்து, மூடியில் கொயினாவை ஊற்றி நீட்டினார். காய்ச்சலே இல்லாமல் நான் கொயினா குடித்தது அந்த ஒரு தடவைதான்.