அரசுப் பள்ளியில் இருந்தது யார்?

ஒரு காட்டில் மூலிகைப் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. அதில் ஆண்டுக்குப் பத்தே இடங்கள். ஒன்பது இடங்கள் வழக்கமாகக் கோழிப்பண்ணை உறைவிடப் பள்ளிக்குப் போய்விடும். அங்கே விளக்கை அணைப்பதே இல்லை. ஒரு தழையைக்கூட நேரில் பார்த்திராத கோழிகள் நாலாயிரம் தழைகளின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். மிச்சமிருந்த ஓர் இடத்தை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இடைவிடாமல் அரசுப் பள்ளியில் இருந்தவருக்கே தரவேண்டும் என்று சிங்கராஜா ஆணையிட்டிருந்தார்.

வடிவாம்பாள் என்ற கீரி அந்த இடத்துக்கு விண்ணப்பித்தாள். ராஜா அரச மரத்தடியில் நடத்திய பள்ளியில் படித்தவள். பாம்புக்கடிக்கு எந்த வேர் என்பது பல் முளைக்கும்போதே தெரிந்தவள். இந்த இடம் கிடைக்காவிட்டால் அவளுக்குக் குடும்பத் தொழில்தான்: சந்தையில் வித்தைக்காரரின் கூடைக்குள் உட்கார்ந்து, கடைசிவரை நடக்காத பாம்புச் சண்டைக்காகக் காத்திருப்பது.

சேர்க்கைப் பிரிவில் உடும்பு இருந்தார். பிடித்ததை விடமாட்டார் என்பதற்காகவே அந்த வேலைக்கு அவரை எடுத்திருந்தார்கள். வடிவாம்பாளின் ஆசிரியர் கொக்கு, அவளைப் பாராட்டுவதாக எண்ணிச் சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பில் வெள்ளம் வந்தபோது, பள்ளி பதினேழு நாள் பக்கத்து ஆலமரத்தடிக்கு மாறியும் அவள் விடாமல் வந்து படித்தாளாம்.

“இங்கேதாம்மா இடிக்குது” என்றார் உடும்பு. “அரசுன்னா அரச மரம். பதினேழு நாள் நீ அரசை விட்டு ஆலுக்குப் போயிருக்கே.”

“சார், அரசுன்னா ராஜாவோட ஆட்சி. மரம் மாறினாலும் பள்ளிக்கூடம் அவரோடதுதானே?”

உடும்பு அகராதியைப் புரட்டினார். அதில் இரண்டு பொருளும் இருந்தன. நல்ல அகராதிகளால் வரும் தொல்லை இது. விஷயம் ராஜாவிடம் போயிற்று.

தமக்குப் பள்ளிகள் இருக்கும் செய்தியே ராஜாவுக்குப் புதிதாக இருந்தது. அவருடைய குட்டிகள் பக்கத்துக் காட்டின் சர்க்கஸ் கூடாரத்தில் கட்டணம் கட்டிப் படித்துவந்தன. ஆகவே ஆணையில் தாம் சொன்னது மரத்தையாகத்தான் இருக்கும் என்று தீர்ப்பளித்தார்.

அப்படியானால் ஏழு ஆண்டும் அரசடியை விட்டு அசையாதவர் யார் என்று உடும்பு நேரில் போய் விசாரித்தார். வெள்ளத்திலும் அங்கேயே நின்றது ஒருவர்தான். அந்த ஆண்டின் இடம் அரச மரத்துக்குக் கிடைத்தது. மரத்தால் வகுப்புக்கு வர முடியாது என்பதால் வருகைப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் கிளையில் கட்டினார்கள். ஒருநாளும் விடுப்புக் கேட்காத மாணவர் என்று துணைவேந்தர் மேடையில் புகழ்ந்தார்.

வடிவாம்பாள் வீடு திரும்பினாள். அவள் தங்கை மறுநாள் ஆறாம் வகுப்பில் சேர வேண்டியவள். அவளை அரச மரத்தடிக்கு அழைத்துப்போய், வேரை ஒட்டிக் குழி தோண்டி, கழுத்துவரை நட்டு, சுற்றிலும் மண்ணை மிதித்தாள்.

“எத்தனை நாளைக்கு, அக்கா?”

“ஏழு வருஷம். வெள்ளம் வந்தா மூச்சை அடக்கிக்கோ. மரம் மட்டும் மாறிடாதே.”

நீதி: அறிவு வேண்டுவோர் படிக்கலாம், இடம் வேண்டுவோர் வேர்விட வேண்டும்.