குவைத் அக்காவும் ஊதுற மெஷினும்

இலங்கை முழுவதிலும் சூரியனை நம்பாமல் வாழ்ந்த ஒரே மனுஷி எங்கள் குவைத் அக்காதான். அந்த ஊரில் சூரியனை நம்புவதற்குக் காரணமும் அதிகம் இல்லை. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு சின்னக் கடைத்தெரு. காலையில் கொடியில் போட்ட சேலை மாலையில் இன்னும் கனத்துக் கிடக்கும். மூடுபனி வந்து அதை இன்னொரு தடவை அலசிவிட்டுப் போயிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன எனக்கு அக்கா வீட்டு முன்னறையில் போர்டிங். அக்கா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை செய்து கட்டிய வீடு அது. அங்கிருந்து வருகிறவர்கள் தங்கமும் டீவியும் கொண்டுவருவார்கள். அக்கா கொண்டுவந்தது துணி காயவைக்கும் மெஷின்.

கீழே சூடான காற்றை ஊதும் ஒரு குட்டிப் பெட்டி. மேலே உடுப்புத் தொங்கவிடக் கம்பிகள். எல்லாவற்றையும் மூடி, ஜிப் வைத்த ஒரு துணி உறை. சுவிட்சைப் போட்டால் உறை உப்பிக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். நேரம் முடிந்ததும் 'டிங்' என்று மணியடிக்கும். அக்கா சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடுவார், அடுத்த ஈரத்தைத் திணிப்பார், திரும்பப் பானைக்கு ஓடுவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. சாப்பிடுவதும் நின்றபடிதான்.

"கொஞ்சம் உக்காருங்களேன் அக்கா."

"உக்காந்தா மேடம் கூப்புடுவாங்க டீச்சர்."

"மேடம் குவைத்துல இல்ல இருக்காங்க?"

"காலுக்கு அது தெரியலையே!"

எங்கள் உடுப்பு முடிந்ததும் பக்கத்து பேக்கரி மாத்தயாவின் பிள்ளைகளுடைய வெள்ளைச் சீருடைகள் உள்ளே போகும். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; பேக்கரிக்காரர் சிங்களவர். அதுவும் முடிந்தால் அக்காவின் கண் வீட்டைச் சுற்றி மேயும். அப்பளம் காய்ந்தது. தலையணை காய்ந்தது. ஒருநாள் செத்தல் மிளகாயும் காய்ந்தது. அதன் பிறகு அதே மெஷினில் என் ரவிக்கையும் காய்ந்தது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிவதற்குள் என் முதுகில் தீப்பிடித்துக்கொண்டது. நெளிந்தேன், குதித்தேன், தூணில் உரசினேன். அதிபர் மெதுவாகக் குனிந்து, "டீச்சர், கலை விழாவுக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அக்கா ரவிக்கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா காஞ்சிருக்குல்ல?" என்றார்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கேயோ குண்டு வெடித்தால் எங்கள் தெருவில் கதவு தட்டுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை, மழையோடு மழையாக ஆமி சுற்றிவளைத்தது. நாலு பேர் உள்ளே வந்தார்கள். மூலையில் மெஷின் உப்பிக்கொண்டு நின்றது. உள்ளே என் ஹவுஸ்கோட்டின் கை காற்றில் எழும்பி எழும்பி உறையை முட்டியது.

முன்னால் நின்ற சிப்பாய்ப் பையன் துவக்கை உயர்த்தினான். "கவுத எத்துலே?" உள்ளே யார் என்று கேட்கிறான்.

"யாருமில்ல மாத்தயா, டீச்சரோட உடுப்பு" என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். அவன் நம்பவில்லை. அசையக்கூடாது என்று கத்தினான். அக்காவையா! கையில் அகப்பையோடு நின்ற அவருக்கு உடம்பெல்லாம் துடித்தது.

"சோறு அடிப்பிடிக்குது டீச்சர்" என்றார் காதுக்குள்.

டிங்!

நாலு பேரும் தரையில் விழுந்தார்கள். நான் மேசைக்கடியில் கிடந்தேன். நின்றது அக்கா மட்டும்.

"காஞ்சிருச்சு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வயர், மணியடிக்கும் கடிகாரம், புரியாத அரபு எழுத்து, எல்லாம் அவர்களுக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. மெஷினையும் அக்காவையும் வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஏறியவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை. செருப்பைக்கூடப் போடாமல் பேக்கரிக்கு ஓடினேன். மாத்தயா விஷயத்தைக் கேட்டு, மாவுக் கையைக் கழுவாமலே என்னோடு வந்தார்.

முகாம் வாசலில் வெகுநேரம் நனைந்தோம். ஒருவழியாக உள்ளே விட்டார்கள். அக்கா ஒரு சுவரோரம் நின்றார். மேசைமேல் மெஷின். பேக்கரி மாத்தயா அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார்:

"சேர், இது குண்டுன்னா என் பிள்ளைங்க ரெண்டும் எப்பவோ வெடிச்சிருக்கணும். அதுங்க யூனிஃபோம் தினமும் இதுக்குள்ளதான் காயுது."

அதிகாரி யோசித்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி, ஈரம் சொட்டிய தன் காலுறையை உள்ளே தொங்கவிடச் சொன்னார். நான் மாத்தயாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்காவுக்கு வேறு கவலை.

"ஐயோ, அப்படியில்ல மாத்தயா!" ஒரே பாய்ச்சலில் வந்து காலுறையைப் பறித்து முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் அதிகாரியின் மற்றச் சப்பாத்தில் ஊற்றியது. "புழியாம போட்டா கரண்டுதான் தண்டம்!"

துவக்கு வைத்திருந்த பையன்கள் அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி காலுறையைப் பார்த்தார். அக்கா அதைத் தொங்கவிட்டு, உறையை மூடி, சுவிட்சைப் போட்டார். மணியடித்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மழையில், கதகதவென்று காய்ந்த காலுறை! அவர் முகம் தானாக இளகியது.

அக்காவைப் போகச் சொன்னார்கள். மெஷினைப் பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பரிசோதனை கடைசிவரை முடியவேயில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அக்கா குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கருகிய சோற்றுப் பானையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துவக்கைப் பார்த்தபோதுகூட வராத அளவு பயம் அவரைப் பார்த்தபோது எனக்கு வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் அடுப்பை மூட்டித் தேத்தண்ணி போட்டேன்.

"டீச்சர்."

"என்னக்கா?"

"அது சீனி இல்ல. உப்பு."

திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு தேயிலையைத் தரையில் கொட்டினேன். கேத்தலைக் கவிழ்த்தேன். பொறுக்க முடியாமல் அவர் எழுந்து, என்னைத் தள்ளிவிட்டு, பழையபடி குசினிக்குள் ஓடத் தொடங்கும்வரை நான் எல்லாவற்றையும் வேண்டுமென்றே பிழையாகச் செய்துகொண்டிருந்தேன்.