செசி அண்ணை கெடுத்த வான்கள்

எங்கள் ஒழுங்கையில் யாரும் நிம்மதியாக ஒரு வான் வாங்க முடியாததற்கு ஒரே காரணம் செசி அண்ணைதான். ஒளிக்காமல் எழுதுகிறேன். இந்தச் சஞ்சிகையை அவர் வாரம் தவறாமல் வாசிக்கிறவர், அதுவும் என்னிடம் இரவல் வாங்கி.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை எங்களுடையது. அதில் பாதியை அவருடைய கிழட்டு வான் அடைத்து நிற்கும். லொறியின் அடிச்சட்டத்தில், அதாவது செசியில், வான் உடம்பைத் தூக்கி வைத்த சாமான். இப்போதைய வான்களுக்கு அப்படித் தனிச் செசி கிடையாது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு உலகத்து வான்களையெல்லாம் பழிப்பார்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். அவருடையதில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில். பம்பலப்பிட்டி வருமுன் இருக்கையில் பிட்டு அவிக்கலாம். பிரேக்கை மிதித்தால், நிற்பதா வேண்டாமா என்று அது யோசிக்கும்.

இழுவை மட்டும் உண்டு. ஒருமுறை மழை வெள்ளத்தில் பக்கத்து வீட்டு டொக்டரின் புது ஹைபிரிட் நின்றுவிட்டது. இவர் கயிறு கட்டி இழுத்தார். கராஜ் ஒழுங்கை முனையில் இருக்கிறது. இவரோ தெஹிவளை வரை இழுத்துக்கொண்டு போய், ஊரெல்லாம் பார்க்க ஹோர்ன் அடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். டொக்டர் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை.

என் பிரச்சினை வேறு. மனைவிக்கு முழங்காலில் ஒப்பரேஷன், செவ்வாய் தோறும் கிளினிக். கேட்காமலே செசி அண்ணை வாசலில் வந்து ஹோர்ன் அடிப்பார். ஆனால் அந்த வானில் ஏறுவது கூரையில் ஏறுவது போல. ஒருநாள் அவள் கால் வழுக்கிக் கதவில் தொங்கிவிட்டாள். இனி இந்த உயரம் ஏறினால் திரும்பவும் வெட்டவேண்டி வரும் என்று ஒப்பரேஷன் செய்தவர் சொல்லிவிட்டார். தாழ்வான வான் ஒன்று உடனே வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒன்று சரிவந்தது. செசி அண்ணை கூப்பிடாமலே வந்தார். பேப்பரை விரித்துப் படுத்து, வானுக்கு அடியில் ஊர்ந்து, ஸ்பேனரால் தட்டினார்.

“தம்பி, இது வான் இல்லை. பிஸ்கட் தகரப்பேணிக்குச் சில்லுப் பூட்டி விட்டிருக்கிறாங்கள்.”

விற்க வந்த முஸ்லிம் முதலாளிக்கு முகம் சிவந்தது. “அண்ணே, இவரு வான் பாக்க வந்தாரா, சண்ட புடிக்க வந்தாரா? மொதல்ல கூட்டிட்டுப் போங்க!”

அது போயிற்று. ஒருகொடவத்தையில் அடுத்தது. அதன் பம்பரில் இவர் ஏறி உட்கார்ந்தார். வெடித்தது. “பாத்தியா, அப்பளம்!” என்றார். அதுவும் போயிற்று.

மூன்றாவதை இவருக்குச் சொல்லாமல் வாங்கினேன். நல்ல வான். சத்தமில்லை, குளிர்ச்சி, மனைவி தானே ஏறி உட்காரலாம். பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். டயருக்குக் கீழே தேசிக்காய் வைக்க ஐயர் குனிந்தார். பக்கத்தில், வானுக்கு அடியிலிருந்து நீட்டியபடி இரண்டு கால்கள்.

“செசி, எழும்பும். வண்டியை எடுக்கவேணும்,” என்றார் ஐயர்.

“ஐயா, இதுக்குத் தேசிக்காய் நசியாது. திராட்சைப்பழம் வையுங்கோ!” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

வானை எடுத்து அவர்மேலேயே ஏற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வாசலில் ஹோர்ன். நான் புதுச் சாவியோடு வெளியே வந்தேன். மனைவி யாரும் பிடிக்காமல் புது வானில் ஏறினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், தன் வானைப் பூட்டிவிட்டு வந்து எங்கள் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்.

“நீங்கள் எங்க, அண்ணை?” என்றேன்.

“இது வழியில நிண்டா ஆர் தள்ளுறது? தங்கச்சியே?”

கிளினிக் வரை திட்டினார். திரும்பி வரும்போதும் திட்டினார். அதற்குப் பிறகு ஒரு செவ்வாயையும் அவர் விட்டதில்லை.

செசி அண்ணை, இதற்கு நீங்கள் இந்தப் பக்கத்திலேயே, ஊரறியப் பதில் எழுதவேண்டும். அந்த வான்கள் கூடாதென்றா கெடுத்தீர்கள்? அல்லது நாங்கள் ஒன்று வாங்கிவிட்டால் செவ்வாய்க்கிழமை உங்களுக்குப் போக இடமில்லை என்றா? மழுப்பாமல் எழுதுங்கள். எழுதும்வரை அந்தப் பின்னிருக்கையில் வேறு ஒருவரையும் நான் ஏற்றப்போவதில்லை.